துடைப்பத்தில் தொடங்கும் தச்சுவேலை… ஆஸ்திரேலிய ‘ஷெட்’கள் சொல்லித்தரும் பாடம்!

ரிட்டயர் ஆன அப்பா மறுநாள் காலையில் என்ன செய்வார்?

முதல் மாதம் பேங்க், பென்ஷன் பேப்பர், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று ஓடிவிடும். இரண்டாவது மாதம் நியூஸ்பேப்பரை வரி விளம்பரம் உட்பட முழுசாகப் படித்து முடிப்பார். ஆறாவது மாதம், ‘ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் எதுக்கு ஓடுது?’, ‘பால் பாக்கெட்டை இப்படியா வெட்டுவாங்க?’ என்று வீட்டுக்கே சூப்பர்வைசர் ஆகிவிடுவார். அம்மாவுக்குப் பக்கத்து வீடு, கோயில், மகளிர் குழு என்று மனசு விட்டுப் பேச நாலு இடம் இருக்கும். அப்பாவுக்கு இருந்தது ஆபீஸ் மட்டும்தான். அதுவும் போன பிறகு அவர் யாரிடம் பேசுவார்?

இது நம் வீட்டுப் பிரச்னை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் இதே அப்பாக்கள் இருந்தார்கள். அங்கே அவர்களுக்காகத் தொடங்கிய ஓர் ஏற்பாடு, இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அதன் பெயர் ‘மென்ஸ் ஷெட்’. ஒரு தகரக் கொட்டகை, சில ரம்பங்கள், ஒரு டீ கெட்டில். அவ்வளவுதான் முதலீடு. அங்கே தன்னார்வலராகப் போகிறவர்கள் தச்சுவேலை கற்றுக்கொண்டு வருகிறார்கள். கூடவே வேறு ஒன்றும் கிடைக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

தொடங்கி வைத்தவர் ஒரு பெண்

தெற்கு ஆஸ்திரேலியாவில், மர்ரே ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூல்வா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே மூத்தவர்களுக்கான பணியில் இருந்தவர் மாக்ஸின் கிட்டோ. மூத்தோருக்கான நிகழ்ச்சிகளுக்குப் பெண்கள் ஆர்வமாக வருவதும், ஆண்கள் ஒதுங்கி நிற்பதும் அவர் கண்ணில் பட்டது. பாட்டு, விளையாட்டு, அரட்டை என்று கூப்பிட்டால் வராத ஆண்கள், கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் வருவார்கள் என்று நினைத்தார். 1993-ல் அங்கே ‘தி ஷெட்’ திறக்கப்பட்டது.

‘மென்ஸ் ஷெட்’ என்ற பெயரிலேயே ஓர் இடம் திறந்தது 1998-ல். விக்டோரியா மாநிலத்தில், பால் பண்ணைகள் நிறைந்த டோங்காலா என்ற ஊரில். அதை ஆரம்பித்தவர் டிக் மெக்கவன். 2007-ல் இந்த ஷெட்களுக்கு என ஆஸ்திரேலியாவில் தேசிய அளவில் ஒரு சங்கம் உருவானது. 2010-ல் அந்த நாட்டு அரசு வெளியிட்ட ஆண்கள் நலக் கொள்கையில் ஷெட்களுக்கு இடம் கிடைத்தது, நிதியும் வந்தது. அயர்லாந்தில் 2011-லும், பிரிட்டனில் 2013-லும் இதேபோன்ற சங்கங்கள் தோன்றின. இன்று ஆஸ்திரேலியாவில் மட்டும் 1,000-க்கும் மேற்பட்ட ஷெட்கள் இருக்கின்றன.

இது ஏன் ஆண்கள் நலக் கொள்கையில் வந்தது என்று தோன்றலாம். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை செய்யும்போது பேசிவிடுவார்கள் என்பதுதான் இந்த ஷெட்களின் தாரக மந்திரம். நம் அப்பாக்களை நினைத்துப் பாருங்கள். ‘உட்காருங்க, உங்க மனசுல என்ன இருக்கு?’ என்று கேட்டால், ‘ஒண்ணும் இல்லையே’ என்பார். அதே அப்பா, பைக் செயினுக்கு எண்ணெய் விடும்போது பக்கத்தில் போய் நின்றால், சுகர் கூடியிருப்பதையும் நண்பர் இறந்துபோனதையும் தானாகவே சொல்வார். கண்கள் வேலையில் இருப்பதால் வாய்க்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிடுகிறது.

சிலபஸ் இல்லாத வகுப்பு

ஷெட்டில் வாத்தியார் கிடையாது, பரீட்சை கிடையாது. பாலர் பள்ளியிலிருந்து கால் உடைந்த நாற்காலி வரும். பூங்காவுக்கு பெஞ்ச் வேண்டும் என்பார்கள். பறவைகளுக்குக் கூடு கட்டும் பெட்டிகள் வேண்டும் என்பார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் குழந்தைகளுக்குக் கொடுக்க மர பொம்மைகள் செய்ய வேண்டியிருக்கும். வந்த வேலையை, தெரிந்தவர் செய்வார். தெரியாதவர் பக்கத்தில் நின்று பிடிப்பார். அடுத்த முறை தெரியாதவர் செய்வார், தெரிந்தவர் பிடிப்பார்.

இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர் பேரி கோல்டிங் என்ற ஆஸ்திரேலியப் பேராசிரியர். ‘பெடகாஜி’ என்றால் கற்பித்தல் முறை அல்லவா? ஷெட்டில் நடக்கும் கற்றலுக்கு அவர் ‘ஷெடகாஜி’ என்று விளையாட்டாக ஒரு பெயரே வைத்தார். ‘உனக்குக் கற்றுத்தருகிறேன் வா’ என்று அழைத்தால் கூச்சப்படும் ஒருவர், ‘ஒரு கை கொடுங்க’ என்றால் உடனே வந்துவிடுகிறார். கற்றலும் அதன் போக்கில் நடந்துவிடுகிறது.

‘மரவேலைதானே, வீடியோ பார்த்தே கத்துக்கலாமே’ என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாள் முழுக்க ஸ்க்ரீனோடு வாழும் டிஜிட்டல் டெஸ்க் ஆள் என்பதால் சொல்கிறேன், இரண்டு நிமிட ரீல்ஸில் ஒரு டேபிளே முளைத்துவிடுகிறது. ஆனால், உங்கள் கை தவறான கோணத்தில் உளியைப் பிடித்தால் வீடியோவுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் பெரியவருக்குத் தெரியும். தவிர, வீட்டில் தனியாகக் கற்க வேண்டும் என்றால் ரம்பம், இழைப்புளி, டிரில் என எல்லாவற்றையும் நாமே வாங்க வேண்டும். சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்துவிடுவார். பொதுப் பட்டறையில் கருவி, இடம், கண்காணிக்கும் அனுபவசாலி மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பதிலுக்கு நாம் கொடுப்பது நேரமும் உழைப்பும்.

சரி, அப்படி ஒரு பட்டறைக்குப் போகும் புதியவர் என்னென்ன கற்றுக்கொள்வார்?

1. துடைப்பம்

முதல் வேலை பெரும்பாலும் பெருக்குவதுதான். அவமானமாக நினைக்க வேண்டாம். தரையில் கிடக்கும் மரத்தூள் வழுக்கும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பெருக்கும் சாக்கில் எந்த மெஷின் எங்கே இருக்கிறது, யார் எதில் கெட்டிக்காரர், எந்த மரம் என்ன வாசனை என்பதெல்லாம் தெரிந்துவிடும். எண்ணெய்ப் பசையோடு வாசம் வீசும் தேக்கையும், பிளைவுட் தூளையும் மூக்கே பிரித்துச் சொல்ல ஆரம்பிக்கும்.

ஆனால், மாஸ்க் இல்லாமல் பெருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. தினமும் வருடக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றாலும், முதல் நாளிலேயே மாஸ்க் போடும் பழக்கம் வந்துவிடுவது நல்லது.

2. உப்புத்தாள்

அடுத்து கையில் கொடுப்பது உப்புத்தாள். அதன் முதுகில் 80, 120, 220 என்று எண் இருக்கும். எண் கூடக்கூட சொரசொரப்பு குறையும். 80-ல் தொடங்கி 120, பிறகு 220 என்று படிப்படியாகப் போக வேண்டும். நேராக 220-க்குத் தாவினால் மணிக்கணக்கில் தேய்த்தாலும் பழைய கீறல் போகாது.

இன்னொரு விதி: மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அப்போது கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் அடித்ததும் ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரியும்.

3. அளவு

ஒரு சின்னக் கணக்கு. 1 மீட்டர் பலகையை 25 சென்டிமீட்டர் வீதம் நான்கு துண்டுகளாக வெட்ட முடியுமா? ‘முடியும்’ என்றால், நீங்கள் இன்னும் பட்டறைக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

ரம்பத்துக்கும் ஒரு தடிமன் உண்டு. மேஜை ரம்பத்தின் பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு மரத்தைத் தூளாக்கிவிட்டுத்தான் மறுபக்கம் போகும். நான்கு துண்டுக்கு மூன்று வெட்டு. மொத்தம் 9 மில்லிமீட்டர் தூளாகப் போய்விடும். கடைசித் துண்டு 24.1 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதை ஸ்டூலுக்குக் காலாக வைத்தால் ஸ்டூல் நொண்டும். அதனால்தான் அனுபவசாலிகள் எல்லாக் கோட்டையும் ஒரேயடியாகப் போட மாட்டார்கள். ஒன்றை வெட்டி, அதற்குப் பிறகு அடுத்ததை அளப்பார்கள். கோட்டின் மேலேயே வெட்டாமல், கோட்டுக்கு வெளியே, கழிவாகப் போகும் பக்கத்தில் ரம்பத்தை வைப்பார்கள்.

4. மரத்தின் குணம்

மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கதவு இறுகிக்கொள்கிறதா? கோடையில் தானாகவே சரியாகிவிடுகிறதா? கதவில் கோளாறு இல்லை. வெட்டி எத்தனை வருடம் ஆனாலும் மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கும், விடும். ஈரத்தை வாங்கினால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறவே மாறாது.

பழைய வீட்டு பேனல் கதவைக் கவனித்துப் பாருங்கள். சுற்றிலும் சட்டம், நடுவில் பலகை. அந்த நடுப்பலகையைப் பெரும்பாலும் பசை போட்டோ ஆணி அடித்தோ இறுக்கியிருக்க மாட்டார்கள். சட்டத்தில் வெட்டிய காடியில் சும்மா செருகியிருப்பார்கள். மழைக்கு உப்பவும் வெயிலுக்குச் சுருங்கவும் அதற்குக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். இறுக்கிவிட்டால் பலகை வெடித்துவிடும். நம் ஊர்த் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் வைத்திருந்த அறிவு இது. பட்டறையில் ஒரு கதவைப் பழுது பார்க்க நின்றால், அரை மணி நேரத்தில் அது உங்களுக்கும் வந்துவிடும்.

5. மெஷின்

மெஷின் பக்கம் போவது இதற்கெல்லாம் பிறகுதான். சுழலும் ரம்பத்துக்கு முன்னால் கையுறை கூடாது என்றால் பலருக்கும் ஆச்சர்யமாக இருக்கும். கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, முந்தானை, தளர்ந்த முழுக்கை சட்டை, மோதிரம், நீளச் சங்கிலி எல்லாவற்றுக்கும் இதே விதி. தலைமுடியை முடிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி அவசியம். சிறு துண்டுகளைக் கையால் தள்ளாமல், ஒரு குச்சிக் கட்டையால் தள்ள வேண்டும். பிளேடுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். பலகை இறுகிக்கொண்டால் அது நம்மை நோக்கி எகிறி வரும்.

இவை எல்லாமே புத்தகத்தில் இருக்கும் விதிகள்தான். ஆனால், இடதுகையில் ஒரு விரல் நுனி இல்லாத ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று சொன்னால் ஜென்மத்துக்கும் மறக்காது.

இனாம் உழைப்பா?

ஒரு சந்தேகம் வருவது இயல்பு. தன்னார்வலர்கள் இலவசமாக நாற்காலி செய்து கொடுத்தால், அதையே தொழிலாக வைத்திருக்கும் கார்பென்டர் அண்ணனின் கதி என்ன? அவர் தினக்கூலியில் வீடு நடத்துகிறார். ரெடிமேட் ஃபர்னிச்சரும் பிளைவுட்டும் வந்த பிறகு அவருக்கு வரும் நுணுக்க வேலைகள் ஏற்கெனவே குறைந்துவிட்டன.

என் பார்வையில், நம் ஊரில் இப்படி ஒரு பட்டறை வந்தால் அதில் இரண்டு விஷயங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒன்று, அங்கே செய்பவை கூலி கொடுத்து வாங்க வழியில்லாத இடங்களுக்கே போக வேண்டும். அங்கன்வாடியின் உடைந்த பெஞ்ச், தெரு நூலகத்தின் அலமாரி, முதியோர் இல்லத்தின் கைப்பிடி போன்றவை. இரண்டு, கற்றுத்தர வரும் தச்சருக்கு அன்றைய கூலி கொடுத்தே ஆக வேண்டும். பென்ஷன் வாங்கும் நாம் தன்னார்வலராக இருக்கலாம். அவரிடம் ‘சேவையா செய்யுங்க’ என்று கேட்பது நியாயம் இல்லை. ஐம்பது வருடம் கையில் சேர்த்த அறிவுக்கு மரியாதை என்பது கூலியில் தொடங்குகிறது.

இன்னொரு கேள்வி, ‘மென்ஸ் ஷெட் என்றால் பெண்களுக்கு இடம் இல்லையா?’ அங்கேயும் இந்தக் கேள்வி வந்தது. இப்போது பல ஷெட்கள் பெண்களையும் சேர்த்துக்கொள்கின்றன. பெண்களுக்கென்று தனி ஷெட்களும் ஆஸ்திரேலியாவில் வந்துவிட்டன. நம் ஊரில் பெயரிலேயே அந்தச் சுவரை எழுப்ப வேண்டியதில்லை. தச்சுப் பட்டறைக்குள் போக எந்த வழியும் இல்லாத பெண்கள்தான் இங்கே அதிகம். அலமாரியின் கீல் கழன்றால் கூட ‘ஆள் வரட்டும்’ என்று காத்திருக்கப் பழக்கப்பட்டவர்கள், ஒரு டிரில்லைக் கையில் எடுத்தால் அந்தக் காத்திருப்பு முடிந்துவிடும்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

கிட்டத்தட்ட இதே மனசோடு இயங்கும் ஒன்று பெங்களூருவில் இருக்கிறது. உடைந்த பொருளோடு போனால், தன்னார்வலர்கள் நம்மையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சரிசெய்து தரும் ‘ரிப்பேர் கஃபே’. 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்டின் போஸ்ட்மா என்ற பெண் தொடங்கிய இயக்கம் இது. பெங்களூருவுக்கு 2015-ல் வந்தது.

முறையாகவே படிக்க வேண்டும் என்பவர்களுக்கு ஐ.டி.ஐ-களில் கார்பென்டர் பிரிவு இருக்கிறது. ஒரு வருடப் படிப்பு. பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் மரவேலைப் பயிற்சிகள் நடக்கின்றன. பிழைப்புக்காகக் கற்பவர்கள் இந்த வழியில் போவதே சரி. வாரம் ஒருநாள் பட்டறைக்குப் போனால் தொழில்முறைத் தச்சர் ஆகிவிட முடியாது.

அப்பாவுக்காகவோ, உங்களுக்காகவோ சின்னதாகத் தொடங்க நினைத்தால், பெரிய ஷெட் தேவையில்லை. அப்பார்ட்மென்ட்டில் பழைய சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடக்கும் மூலை போதும். அசோசியேஷன் மீட்டிங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கேளுங்கள்.

* கைரம்பம், மூலைமட்டம், டேப், இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, ஓர் இழைப்புளி, நான்கு கிளாம்ப், உப்புத்தாள். முதல் மூன்று மாதத்துக்கு இவை போதும். ஒருவரே எல்லாவற்றையும் வாங்க வேண்டாம், ஆளுக்கொன்று போட்டால் சேர்ந்துவிடும்.

* மரத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். உடைந்த கட்டில், பழைய கதவு, கடைகளில் சரக்கு வைத்து வரும் பேலட் கட்டைகள் போதும். இறக்குமதிப் பேலட்டுகளில் ஒரு முத்திரை இருக்கும். அதில் ஆங்கிலத்தில் ‘ஹெச்.டி.’ என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு வாயுவால் பூச்சி நீக்கியது, வீட்டுப் பொருளுக்கு வேண்டாம்.

* பழைய மரத்தில் ரம்பம் வைக்கும் முன் ஆணி இருக்கிறதா என்று ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்.

* முதல் வேலை, இன்னொருவருக்குப் பயன்படுவதாக இருக்கட்டும். வாட்ச்மேன் அண்ணன் உட்கார ஒரு ஸ்டூல், பக்கத்து அங்கன்வாடிக்கு ஒரு செருப்பு ஸ்டாண்ட். யாரோ காத்திருக்கிறார்கள் என்றால்தான் அடுத்த ஞாயிறும் ஆட்கள் வருவார்கள்.

* பகுதியில் இருக்கும் மூத்த தச்சர் ஒருவரை மாதம் இரண்டு நாள் கூலி கொடுத்து அழையுங்கள். பத்து வீடு பகிர்ந்துகொண்டால் பெரிய தொகை ஆகாது.

* நடுவில் பதினைந்து நிமிடம் டீ பிரேக். இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யாதீர்கள். யார் இந்த வாரம் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கும் நேரம் அதுதான்.

அந்தக் கேள்வி சாதாரணமானது இல்லை. தனியாக வாழும் ஒரு பெரியவர் இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்பதைக் கவனிக்க இன்று பல தெருக்களில் ஆளே இல்லை. ‘போன வாரம் பாதி இழைச்ச பலகை அப்படியே இருக்கே, அவர் எங்கே?’ என்று கேட்க நாலு பேர் இருந்தால், யாராவது ஒருவர் போய்க் கதவைத் தட்டுவார்.

உங்கள் வீட்டிலும் நியூஸ்பேப்பரை விளம்பரம் வரை படித்து முடித்த ஒருவர் இருக்கலாம். ‘ஏதாவது ஹாபி வச்சுக்கோங்கப்பா’ என்று அட்வைஸ் செய்தால் அவருக்குப் பிடிக்காது. உடைந்த ஸ்டூலை எடுத்துப் போய், ‘அப்பா, இதைக் கொஞ்சம் பிடிங்களேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.